திறந்து மூடிய மோதிரம்

கல் பதிக்கிற மேசைக்கு மேலே இப்போது கேமரா வைத்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த கடையில் மட்டுமல்ல, தருமபுரி கடைவீதியில் பட்டறை உள்ள மற்ற கடைகளிலும் வரப்போகிறதாம். பழைய மோதிரத்திலிருந்து கல்லை எடுப்பதை வாடிக்கையாளர் முன்பக்கம் உட்கார்ந்தபடி திரையில் பார்க்கலாம். வேலை செய்கிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. போன மாதம் செல்வமும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். செல்வம்தான் இப்போது அந்தப் பட்டறையில் மூத்த ஆள்.

"திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்கண்ணா. மூக்கைச் சொறியறதுக்குக்கூட யோசனையா இருக்குது. நீங்க வந்து முதலாளி மகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்க" என்றான்.

"நான் சொல்ல மாட்டேன். கேமரா இருக்கட்டும். இன்னொண்ணு வெக்கணும்னாலும் வெக்கட்டும்" என்றேன்.

மூவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. டீ குடித்துவிட்டுப் போனார்கள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன். ஊக்கம் தருகிற விஷயம் எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் மொரப்பூருக்குப் பக்கம். நிலத்தில் பாடுபட்ட கிறிஸ்தவக் குடும்பம். என் பெயர் சவரிமுத்து. அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது என் பங்குக்கு வந்த துண்டை வைத்து ஒரு ஆள் பிழைக்க முடியாது. எங்கள் கோயில் பங்குச் சாமியார் தெரிந்தவர் மூலமாகச் சேலத்தில் ஒரு நகைப் பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே பாத்திரம் கழுவினேன், உலை ஊதினேன், அரக்கு காய்ச்சினேன், கடைசியில் கல் பதிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் இருக்கிறது. என் கை நடுங்காத கை. அது பிறவியிலேயே வந்தது.

கல்யாணம் ஆனதும் சொந்த ஊர்ப் பக்கமே வேலை வேண்டும் என்று தருமபுரிக்கு வந்தேன். கடைவீதியில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டறைகளில் இருந்தவர்கள் தலைமுறையாகத் தங்கவேலை செய்கிறவர்கள். ஏர் ஓட்டுகிற வீட்டு ஆளிடம், அதுவும் வேதக்காரனிடம், தங்கத்தையும் கல்லையும் நம்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வாயால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "அடுத்த மாசம் வாங்க பாக்கலாம்" என்பார்கள்.

நான் கடைசியாகப் போன கடையில் பட்டறைத் தலைவராக இருந்தவர் வேலாயுத ஆசாரி. என் வேலையைப் பார்த்துவிட்டு முதலாளி அவர் பக்கம் திரும்பி, "என்ன ஆசாரி, பண்ணலாமா?" என்று கேட்டார். ஆசாரி தன் முக்காலியைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

அவர் பேசுவது குறைவு. சாப்பிடுவது, திருநீறு பூசுவது எல்லாம் வலது கையால். உளியைத் தொட்டால் மட்டும் இடது கை. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சரியில்லை என்றால் மோதிரத்தை விரல் நகத்தால் மெதுவாக என் பக்கம் தள்ளுவார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கல்லைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கல்லை நெருக்காத. தங்கத்தை நகத்து."

ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் பச்சைக்கல் என் கையில் இருக்கும்போது இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் இன்னும் உளியைக்கூட அழுத்தவில்லை. முதலாளி கத்திக்கொண்டே உள்ளே வந்தார். ஆசாரி எழுந்து, உடைந்த துண்டை வெள்ளைத் துணியில் வைத்து, உடைந்த முகத்தை லென்ஸில் காட்டினார். பாதிக்கு மேல் பழுப்பாக அழுக்கு ஏறியிருந்தது. "அழுக்கு உள்ள போற அளவுக்குப் பழைய விரிசலுங்க. இவன் தொடாம வெச்சிருந்தாலும் ஒருநாள் விட்டிருக்கும்" என்றார். முதலாளி அடங்கிப் போனார். அன்று மாலை பேருந்தில் ஊருக்குத் திரும்பும்போது, இந்த மனுஷனுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தேன்.

பிறகுதான் சரோஜா அம்மாளின் மோதிரம் வந்தது.

அவர்கள் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். சரோஜா அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் ஒரு காலையில் கடைக்கு வந்தார்கள். பட்டறைக் கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"எங்கப்பா கையில கெடந்ததுங்க. அவரு போன பொறவு எனக்குன்னு குடுத்தாங்க. பையனுக்கு நிச்சயம் வெச்சிருக்கறோம், தாத்தா மோதிரத்தைத்தான் போடணும்னு நிக்கறான். விரலுக்குப் பத்தல. கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்க."

மோதிரத்தைக் கொடுத்துவிட்டு ஜவுளி எடுக்கப் போனார்கள்.

கனமான பழைய மோதிரம். நடுவில் சிவப்புக் கெம்பு. கல்லுக்கு இரண்டு பக்கமும், வளையத்தின் தோள்களில், ஒரு கொடி செதுக்கியிருந்தது. தேய்ந்து பாதி மறைந்துவிட்டது. அடிப்பக்கம் மூடிய வகை. இன்றைய மோதிரங்களில் கல்லுக்கு அடியில் திறந்திருக்கும், வெளிச்சம் உள்ளே போய் வரும். பழையவற்றில் கல்லைச் சின்னத் தங்கக் கிண்ணம் ஒன்றில் உட்கார வைப்பார்கள். கிண்ணத்தில் அரக்கு, அரக்கின் மேல் மினுக்குத் தாள், தாளின் மேல் கல். கிண்ணத்தின் விளிம்பைக் கல்லின் மேல் மடித்துத் தேய்த்துவிட்டால் கல் அசையாது. தாளில் பட்டு வெளிச்சம் திரும்பி வருவதால் கல் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் வளையத்தை அறுத்து, நடுவில் தங்கம் வைத்து, நெருப்பில் பற்ற வைக்க வேண்டும். சூட்டில் அரக்கு உருகும், தாள் கருகும், கல் வெடித்தாலும் வெடிக்கும். அதனால் முதலில் கல்லை எடுத்தாக வேண்டும். பழைய தங்கம் மெத்தென்று இருக்கும். விளிம்பில் எந்த இடம் மெல்லிசாக இருக்கிறது என்று பார்த்து அங்கே தட்டை உளியைச் செருகி, கல்லின் மேல் சாயாமல், வெளிப்பக்கமாக ஒரு மயிரிழை தூக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் அதே அளவு. பிறகு இடைப்பட்ட இடங்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் தூக்கினால் விளிம்பு கிழிந்துவிடும். கிழிந்த விளிம்பை மறுபடி மடிக்க முடியாது.

லென்ஸை வைத்து விளிம்பைப் பார்த்தேன். எங்கே தொடங்கலாம் என்று சுற்றிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். தோளில் கொடி தேய்ந்து மறைந்திருக்க, விளிம்பில் தேய்ப்புக் கோடுகள் மட்டும் கூர்மையாக இருந்தன. இந்த மோதிரத்தை யாரோ திறந்து மறுபடி மூடியிருக்கிறார்கள். அதுவும் வெகு நேர்த்தியாக. அந்தக் கோடுகள் சாய்ந்திருந்த பக்கமும் வேறு. வலது கையால் உளியைத் தள்ளுகிறவனுக்குக் கோடு ஒரு பக்கம் சாயும். இவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்படிச் சாய்கிற வேலையை நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் பேசாமல் விளிம்பைத் தூக்கினேன். ஸ்பிரிட் விட்டு அரக்கை இளக்கினேன். கல் வெள்ளைத் துணியில் விழுந்தது. தாளை விட்டு வந்ததும் அதில் சிவப்பே இல்லை. தண்ணீரில் கரைத்த குங்குமம் மாதிரி ஒரு வெளிர் நிறம். லென்ஸில் பார்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். கண்ணாடி. அடியில் இருந்த சிவப்புத் தாள் ஸ்பிரிட்டில் நைந்து கூழாகிவிட்டது.

துணியோடு ஆசாரியிடம் நீட்டினேன். அவர் லென்ஸை எடுத்துக் கல்லைப் பார்த்தார். பிறகு மோதிரத்தைப் பார்த்தார். மோதிரத்தைத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தார்.

"கொண்டு போய் முதலாளிகிட்டக் காட்டு" என்றார்.

நான்தான் கொண்டுபோனேன். என் காலால் நடந்துபோய் நானே நீட்டினேன். கல்லை மாற்றியவன் அப்படிச் செய்வானா என்று இந்த வருடங்கள் முழுக்க மனதுக்குள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் ஜவுளிப் பைகளோடு திரும்பி வந்ததும் முதலாளி கல்லைக் காட்டினார். சரோஜா அம்மாள் அதைத் தொடவே இல்லை. "இது எங்கப்பா கல்லு இல்லீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டார். கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் போனவர்களும் நின்றார்கள்.

"காலையில ரத்தமா இருந்த கல்லு, மத்தியானத்துக்குள்ள வெளுத்துப் போயிருமா? உள்ள யாரு வேலை செஞ்சது? அவனைக் கூப்புடுங்க."

நான் வந்து நின்றேன். "இது முன்னமே தொறந்து மூடுன மோதிரமுங்க. விளிம்பைப் பாத்தாலே தெரியும்" என்றேன்.

"விளிம்பைத்தான் நீ இப்பப் பிரிச்சுப்புட்டியே. எதை நான் பாக்கறது?" என்றார் முதலாளி. பிறகு உள்ளே பார்த்துக் கேட்டார்: "ஆசாரி, நீங்க சொல்லுங்க. இவன் சொல்றது நெசமா?"

ஆசாரி பட்டறை வாசலுக்கு வந்து நின்றார். பச்சைக்கல் உடைந்த அன்று நின்ற அதே இடம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை. இதோ சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"பழைய மோதிரம். எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

'இது உங்க கைதானே' என்று நான் ஏன் அப்போதே கத்தவில்லை என்று தெரசா, என் மனைவி, பல தடவை கேட்டிருக்கிறாள். அவர் இன்னொரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும், மாட்டிக்கொண்டவன் இடம் கொடுத்தவர் மேலேயே பழி போடுகிறான் என்றுதான் இருந்திருக்கும்.

போலீஸ், வழக்கு என்று போகாமல் முதலாளி அதே அளவில் ஒரு நல்ல கெம்பை அவர்களுக்குக் கொடுத்தார். ஆசாரிதான் பதித்தார். அவர்கள் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உன் சம்பளத்துல புடிக்க மாட்டேன். புள்ளகுட்டிக்காரன். நான் மன்னிச்சுட்டேன். வேலையிலயே இரு. ஆனா பழைய கல்லு இனிமே உன் கைக்கு வராது" என்றார்.

சம்பளத்தில் பிடித்திருந்தால், வெளியே தள்ளியிருந்தால், சண்டையாவது போட்டிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்கிறவரிடம் என்ன பேசுவது?

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் கைகழுவுகிற இடத்தில் ஆசாரியைப் பிடித்தேன். "உங்க வேலைதானுங்க அது?" என்றேன்.

மறைக்கவில்லை. "ஆமா. அந்தம்மாவோட அப்பா எங்கிட்டத்தான் வந்தாரு. சம்சாரத்துக்கு ஆபரேசன். கெம்பை வித்துட்டு, அதே மாதிரி தெரியறாப்புல கண்ணாடி வெச்சுத் தரச் சொன்னாரு. பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சா, அம்மாவும் அப்பாவும் கையில காசில்லாம நின்னதை நெனச்சு மருகுவாங்கன்னு அழுதாரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்."

"எனக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உனக்கு வயசு இருக்குது சவரி. பேரை மறுபடி சம்பாரிச்சுக்குவ. மண்ணுக்குள்ள போனவரு இனிமே எதைச் சம்பாரிக்க முடியும்?"

அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவரோடு நான் பேசவில்லை.

வேறு கடைக்குப் போக முடியவில்லை. கடைவீதி சின்னது. என்னைப் பாலிஷ் போடவும், வெள்ளைக்கல் மூக்குத்தி, கம்மல் பதிக்கவும் வைத்தார்கள். அவை தொலைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய மோதிரங்கள் என்னைத் தாண்டி ஆசாரியிடம் போகும். அவர் பார்த்து முடித்ததும் என்னைத் தாண்டித் திரும்பி வரும். மழைநாளில் வெளிச்சம் பத்தாதபோது அவர் விளக்கை என் பக்கம் நகர்த்துவார். நான் அவர் பக்கமே தள்ளிவிடுவேன். இப்படியே வருடக்கணக்கில் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்தோம்.

ஊரில் நடந்ததுதான் அதைவிட மோசம். எங்கள் கோயில் மாதா சுரூபத்துக்குத் திருவிழாவில் வைக்கிற கிரீடம் ஒன்று உண்டு. அதில் ஆடுகிற கற்களை ஒவ்வொரு வருடமும் நான்தான் சரிசெய்து கொடுப்பேன். கூலி கிடையாது. எங்கள் வீட்டிலேயே செய்வேன். வேலை முடிகிற வரைக்கும் தெரசா வீட்டில் கவிச்சி சமைக்க மாட்டாள். அந்த வருடம் புதிதாக வந்த சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் நம்பல சவரிமுத்து. ஆனா சனங்க பேசுது. இந்தத் தடவை சேலத்துல குடுத்திருக்கோம்" என்றார்.

"சரிங்க சாமி" என்றேன். தெரசா சரி என்று சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நடந்தே பூசைக்குப் போக ஆரம்பித்தாள். "நம்பலன்னா கிரீடத்தைக் குடுத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆசாரிக்குக் கண் மங்கியது. வேலையிலிருந்து நின்றார், பிறகு செத்துப்போனார். சாவுக்குப் போனேன். தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பிற்பாடு எனக்கும் ஓய்வு வந்தது. சால்வை போட்டார்கள். பாலிஷ் வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலாளி பேசினார்.

போன வருடம் கண் பரிசோதனைக்காகத் தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நகைக்கடையில இருந்தீங்கதானுங்க?" என்று கேட்ட பிறகுதான் எனக்கும் அடையாளம் தெரிந்தது. சரோஜா அம்மாள்.

நான் எழுந்து வேறு இடத்துக்குப் போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்கண்ணா. நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"பையன் கல்யாணம் முடிஞ்சு அந்த ஆடியிலயே தெரியும். ஆசாரி எங்க வூட்டுக்கு வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. 'நான் வாக்கை மீறிட்டேம்மா, நீங்க ஒருக்கா கடைக்கு வந்து முதலாளிகிட்டச் சொல்லிருங்க, அவன் எம் முகத்தப் பாக்கறதில்ல'ன்னு சொன்னாரு. வர்றேன்னுதான் சொல்லியனுப்புனேன்."

"ஏன் வரலை?"

தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பா பொய்யான மோதிரத்தைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாருன்னு அவ்வளவு பேருக்கு முன்னால எப்படிங்க சொல்றது? எங்க வூட்டுக்காரரு வேற சத்தம் போட்டிருந்தாரு. கடைக்காரரு குடுத்த கல்லைத் திருப்பிக் கேப்பாரு. மருமவ வூட்டுல என்ன நெனைப்பாங்க? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு… அப்படியே போயிருச்சுங்க."

எனக்கு அந்த அம்மாள் மீதுகூட உடனே கோபம் வரவில்லை. ஆசாரிதான் நினைவுக்கு வந்தார். இந்த அம்மாள் வருவார் என்று அவர் பட்டறையில் உட்கார்ந்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எத்தனை நாள் பார்த்தாரோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தானே எழுந்து போய்ச் சொல்லவும் இல்லை. பாலக்கோடு வரைக்கும் பஸ் ஏறிப்போன மனிதனால் பத்தடி நடக்க முடியவில்லை. அவரை முழுதாக வெறுத்துக்கொண்டிருந்தேன். அதிலாவது ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

"மன்னிச்சுடுங்கண்ணா" என்றார் சரோஜா அம்மாள்.

"எனக்கு வேண்டாம். எங்க வூட்டுக்கு வந்து எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க" என்றேன். ஊரும் தெருவும் சொன்னேன். கட்டாயம் வருவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து தெரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள், யாரோ வருகிற மாதிரி.

அந்த அம்மாள் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் பைக்கில் அவர் மகன் வந்தார். சதீஷ் என்று பெயர் சொன்னார். தலையில் நரை தெரிந்தது. ஒரு பை நிறையத் தக்காளி. விரலில் அந்த மோதிரம்.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. அவங்களுக்கு முட்டிவலி, வர முடியல" என்றார். தெரசா டீ வைத்துக் கொடுத்தாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் எதையோ சொல்ல வந்து, தயங்கி, பிறகு நல்ல மனதோடுதான் சொன்னார்:

"நீங்க யாருன்னு வர்ற வழியிலதாங்க எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கல்லு விசயம்… அதெல்லாம் எப்பவோ நடந்தது. என்ன கஷ்டமோ உங்களுக்கு அப்ப. நாங்க மறந்துட்டோமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

இரண்டாவது தடவையாக ஒருவர் என்னை மன்னிக்கிறார்.

தெரசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "டீயைக் குடி தம்பி. நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள்.

முழுவதும் சொன்னாள். அவர் தாத்தா கெம்பை விற்றது, பாட்டியின் ஆபரேஷன், ஆசாரியின் வாக்கு, ஆடி மாதம் ஆசாரி பாலக்கோட்டுக்கு வந்தது. ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. சதீஷ் மோதிரத்தை விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"உங்கம்மாதான் சொன்னாங்க" என்றாள் தெரசா.

அவர் எழுந்தார். "இதை எதுக்குங்க இப்ப எங்கிட்டச் சொல்றீங்க?" என்றார். தெரசா ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் வரவில்லை.

பையை என்ன செய்வது என்று கேட்டேன். திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன்.

"நல்ல தக்காளி. எதுக்கு வீணாக்கணும்?" என்று தெரசா உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கு ரசம் வைத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.